புது எம்டிபி (மலை சைக்கிள்): பிரேக்கும் சரியில்லை, கியரும் சரியில்லை, ஞாயிறு ஏற்காடு போகணும், அவசரம்!

புதுச்செயின் | வியாழன், இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். ஆன்லைனில் வாங்கிய எம்டிபி நேற்று வந்தது. நானே உட்கார்ந்து மாட்டிவிட்டேன். வலது பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று கத்துகிறதே தவிர வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. இன்னொரு பிரேக் பிடிக்காமலே உரசுகிறது. கியர் தானாகக் குதிக்கிறது. வீடியோ பார்த்து ஸ்க்ரூவையெல்லாம் திருகினேன், முன்பைவிட மோசமாகிவிட்டது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் நண்பர்கள் காத்திருப்பார்கள். சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

மாம்பழக்காரன் | வியாழன், இரவு 11.05

தம்பி, டிஸ்க்கா, ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக்கா? டிஸ்க் என்றால் கேபிளா, ஆயிலா? கியர் முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை? எந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருகினீர்கள்? ஒரு போட்டோ போடுங்கள். இல்லாமல் சொல்வது கிளி ஜோசியம்தான்.

கேபிள்பாண்டி | வியாழன், இரவு 11.11

போட்டோவே வேண்டாம். புது சைக்கிள் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள்தான். புது கேபிளும் அதன் மேலுறையும் முதல் சில நாள் ஓட்டத்தில் நன்றாக உட்காரும், அதனால் தொய்வு வரும். தொய்ந்தால் கியர் அரைகுறையாக விழும். பின்னால் கேபிள் நுழையும் இடத்தில் விரலால் திருகுகிற ஒரு பேரல் இருக்கும். அதை வெளியே வருகிற திசையில் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் இறுக்க வேண்டும், சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் தளர்த்த வேண்டும். முடிந்தது கதை.

இருபதாவது_வளைவு | வெள்ளி, காலை 6.20

இதே கேள்விக்கு நான் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. ஷிமனோ கம்பெனி 1984இல் தன் டியூரா ஏஸ் வரிசையில் சொடக்குச் சொடக்காக மாறும் கியரைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து முறை ஒன்றுதான்: முதலில் ஹெச், எல் ஸ்க்ரூ, அப்புறம் கேபிள், கடைசியில் டீரெய்லருக்கும் பல்சக்கரத்துக்கும் இடைவெளி வைக்கிற பி ஸ்க்ரூ. ஹெச்சும் எல்லும் கியரை மாற்றுவதில்லை, டீரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி, எந்த எல்லைவரை போகலாம் என்பதற்கு வேலி போடுகின்றன. நடுக் கியர் குதிக்கிறது என்று வேலியைத் தோண்டினால் செயின் சின்னப் பல்லுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் விழும், இல்லையென்றால் போக்ஸ் கம்பிக்குள் விழும். இது தெரியாதவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே கடையில் கொடுத்திருக்கலாம்.

புதுச்செயின் | வெள்ளி, காலை 7.48

ஆபீஸ் கிளம்புகிறேன். கேபிள் டிஸ்க். கியர் முன்னால் 3, பின்னால் 7. ஹெச், எல் இரண்டையும்தான் திருகினேன், எவ்வளவு என்று நினைவில்லை. பேரல் திருப்பினேன்: 6, 7 சரியானது, 1, 2 கெட்டது. திரும்பவும் திருப்பினால் 1, 2 சரி, 6, 7 போச்சு. என்னதான் செய்வது?

மாம்பழக்காரன் | வெள்ளி, காலை 8.15

சரி, இப்போது பேசலாம். வலது பிரேக் என்றீர்கள், நம் ஊர் வழக்கப்படி அது முன் பிரேக். கத்துகிறது, பிடிக்கவில்லை. புது டிஸ்க் முதலில் அப்படித்தான் இருக்கும், டிஸ்க்கைக் கவ்வும் பேடு இன்னும் பழகவில்லை. வண்டி இல்லாத நேரான தெருவிலோ மைதானத்திலோ 20 கி.மீ. வேகத்துக்கு ஏற்றி, சக்கரம் இறுகிச் சறுக்காமல், நடை வேகம்வரை சீராகக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். இப்படி ஒவ்வொரு பிரேக்குக்கும் பதினைந்து இருபது முறை.

உரசுகிற பின் பிரேக்குக்கு ஒரு சந்தேகம். சக்கரத்தை எப்படி மாட்டினீர்கள்? சைக்கிளைத் தலைகீழாக வைத்தா?

ஹெர்குலிஸ்_தாத்தா | வெள்ளி, காலை 9.02

தம்பி, பிரேக் எப்படி இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலை இறங்கும்போது முன் பிரேக்கைத் தொடாதே. ஆளைத் தூக்கி எறிந்துவிடும். நான் கம்பி பிரேக் ஹெர்குலிஸில் இதே மலையை இறங்கியவன். பின் பிரேக், செருப்பு, இரண்டும்தான்.

இருபதாவது_வளைவு | வெள்ளி, காலை 9.30

தாத்தா, மன்னிக்கவும், இது தவறான அறிவுரை. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போகும், பின் சக்கரம் லேசாகும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் டயர் சறுக்கும், கொண்டை ஊசி வளைவில் சறுக்கினால் நேராகப் பள்ளம். பின்னால் தள்ளி உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். 20 வளைவும் ஒரே அழுத்தலாகப் பிடித்துக்கொண்டு வந்தால் டிஸ்க்கும் பேடும் சூடேறிப் பிடிப்பே போய்விடும்.

ஹெர்குலிஸ்_தாத்தா | வெள்ளி, காலை 9.41

எனக்குப் பள்ளம் தெரியும். நீ பிறக்கும் முன்பே தெரியும்.

குப்பனூர்_குறுக்கு | வெள்ளி, காலை 10.10

எதற்கு அடிவாரம் வழி? ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் காரும் பஸ்ஸும் குரங்கும்தான். குப்பனூர் வழியாக ஏறி கொட்டச்சேடு பக்கம் வந்தால் நிம்மதி.

மாம்பழக்காரன் | வெள்ளி, காலை 10.14

அவன் முதலில் வண்டியை நிறுத்தக் கற்றுக்கொள்ளட்டும், வழியை அப்புறம் பார்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை_லேத் | வெள்ளி, மதியம் 1.25

நான் சைக்கிள் ஆள் இல்லை, பட்டறைக்காரன். பையனுடைய வண்டியை வைத்துக் கற்றுக்கொண்டதுதான். ஒரு முனை சரியானால் மறு முனை கெடுகிறது என்று எழுதியிருக்கிறாரே, அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. கேபிள் தொய்வு என்றால் எல்லாக் கியரும் ஒரே மாதிரி தப்பும். ஒரு பக்கம் மட்டும் தப்பினால் டீரெய்லர் தொங்குகிற அந்தச் சின்னக் கொக்கி, ஹேங்கர், வளைந்திருக்கும். அலுமினிய ஃப்ரேமில் அதைத் தனித் துண்டாக, வளைவதற்கென்றே மெதுவாகச் செய்திருப்பார்கள். அடி பட்டால் அது வளைந்து ஃப்ரேமைக் காப்பாற்றும்.

பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரமும் பல்சக்கரமும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். அடிச்சக்கரம் போக்ஸ் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் நான் சொன்னதுதான். வண்டி எங்காவது விழுந்ததா?

கேபிள்பாண்டி | வெள்ளி, மதியம் 1.40

பெட்டியில் வந்த புது வண்டி எப்படி விழும்? கேபிள் மேலுறை வெட்டு சரியில்லாமல் இருக்கும். அதைப் பாருங்கள்.

புதுச்செயின் | வெள்ளி, இரவு 9.33

மன்னிக்கவும், ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். வலது பிரேக் என்றால் இந்த வண்டியில் பின் பிரேக். இடதுதான் முன் பிரேக். அப்படியேதான் பெட்டியில் வந்தது.

வண்டி விழவில்லை. பெட்டியை ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு வந்தோம், ஐந்து ரோடு பக்கம் கயிறு அவிழ்ந்து பெட்டி கீழே சரிந்தது. ஆனால் வண்டி உள்ளேதானே இருந்தது?

சக்கரத்தைத் தலைகீழாக வைத்துத்தான் மாட்டினேன். அப்புறம் செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தேன், துருப் பிடிக்காமல் இருக்க.

மாம்பழக்காரன் | வெள்ளி, இரவு 9.40

ஐயோ.

செவ்வாய்ப்பேட்டை_லேத் | வெள்ளி, இரவு 9.44

"பெட்டி விழுந்தது, வண்டி விழவில்லை." இதை எழுதி பட்டறைச் சுவரில் ஒட்டப் போகிறேன்.

மாம்பழக்காரன் | வெள்ளி, இரவு 10.20

தம்பி, நான் காலையில் சொன்னதில் பாதியை மறந்துவிடுங்கள், முன்னும் பின்னும் மாறிப்போச்சு. ஒன்றொன்றாகப் பாருங்கள்.

பின் பிரேக் கத்துவது எண்ணெயால். செயின் வலப்பக்கம், டிஸ்க் இடப்பக்கம் என்றாலும் ஸ்ப்ரே போக்ஸ் கம்பி வழியாக அந்தப் பக்கம் போகும். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். கையில் போடும் சானிடைசர் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும், பிசுக்கு விடும். பேடு கொஞ்சம்தான் நனைந்திருந்தால் மேல் பரப்பை உப்புத்தாளில் தேய்த்துப் பார்க்கலாம். ஊறியிருந்தால் புதிதாக மாற்றுவதுதான் வழி. அதன் பிறகுதான் பழக்குகிற வேலை.

முன் பிரேக் உரசுவதற்கு முதலில் கேலிபரை, அதாவது பேடுகள் உட்காரும் கூட்டை, தொடாதீர்கள். சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்துங்கள். முன் சக்கரத்தின் அச்சை இறுக்கும் நெம்பைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்துங்கள். அச்சு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பள்ளத்தில் முழுதாகப் போய் உட்காரும். அப்படியே நெம்பை மூடுங்கள். மூடும்போது உள்ளங்கையில் தடம் விழுகிற அளவு இறுக்கம் வேண்டும். பாதி உரசல் இதிலேயே போகும்.

இன்னும் உரசினால் கேபிள் டிஸ்க்கின் சூட்சுமம் இது: பெரும்பாலானவற்றில் வெளிப் பேடு மட்டும்தான் நகரும். உள் பேடு, அதாவது போக்ஸ் கம்பிப் பக்கம் உள்ளது, சும்மா நிற்கும். நகரும் பேடு டிஸ்க்கை வளைத்து நிற்கும் பேடு மேல் தள்ளும். நிற்கும் பேடு தள்ளி இருந்தால் பிடிப்பு வராது, ஒட்டி இருந்தால் உரசும். கேலிபரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்டை 5 மி.மீ. அலன் கீயால் தளர்த்தி, டிஸ்க்கின் இரு பக்கமும் விசிட்டிங் கார்டைக் கிழித்துச் செருகி, பிரேக்கைப் பிடித்தபடி போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கார்டை உருவினால் இடைவெளி கிடைத்துவிடும். அப்புறமும் ஒட்டினால் உள் பேடின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இடைவெளியைக் கேபிளை இழுத்துச் சரிக்கட்டாதீர்கள், கேலிபரின் கை பாதி தூரம் முன்பே போய்விடும், பிடி குறையும்.

ஸ்டாண்ட் இல்லையென்றால் ஊஞ்சல் கொக்கியில் கயிறு போட்டு சீட்டைத் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் குழந்தைத் தொட்டிலுக்குப் பிறகு அந்தக் கொக்கிக்கு இதுதான் வேலை.

இருபதாவது_வளைவு | வெள்ளி, இரவு 10.45

ஃபோர்க் முன்பின்னாக மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முன் கேலிபர் இடப்பக்கம், ஃபோர்க்கின் பின்புறம் இருக்க வேண்டும். இவர்கள் எதையும் செய்வார்கள். இடது பெடலின் மரை எதிர்ச்சுற்று, அதுவும் தெரிந்திருக்காது.

வலது கை முன் பிரேக் என்பதுதான் நம் நாட்டு வழக்கம், பைக்கிலும் அப்படியே. இடது முன் பிரேக் அமெரிக்க வழக்கம். கேபிளை மாற்றிக்கொள்வது நல்லது.

கேபிள்பாண்டி | வெள்ளி, இரவு 10.51

பழகினது எதுவோ அதுதான் நல்லது. பைக் ஓட்டாதவனுக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன?

இருபதாவது_வளைவு | வெள்ளி, இரவு 10.58

நண்பன் வண்டியை வாங்கி ஓட்டும்போது தெரியும் என்ன என்று.

ஹெர்குலிஸ்_தாத்தா | சனி, காலை 5.50

அதனால்தான் சொல்கிறேன், முன் பிரேக்கையே தொடாதே என்று.

குப்பனூர்_குறுக்கு | சனி, காலை 7.15

இடது, வலது சண்டை முடிந்ததா? என் கேள்விக்குப் பதில் இல்லை. ரோடு குறுகல் என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். குறுகல்தான், அதனால்தான் கூட்டம் இல்லை. அடிவாரம் வழியில் பஸ் திரும்பும்போது வளைவில் உங்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

செவ்வாய்ப்பேட்டை_லேத் | சனி, காலை 8.30

புதுச்செயின், ஹேங்கரை வீட்டில் ஸ்பேனர் போட்டு நெம்ப வேண்டாம். அலுமினியம், ஒரு முறை நேராகும், மறுமுறை ஒடிந்து கையில் வரும். சக்கரத்தின் விளிம்போடு ஒப்பிட்டு நேராக்குகிற நீளக் கைக் கருவி சைக்கிள் கடையில் இருக்கும். முதல் கியரில் போகவே போகாதீர்கள், டீரெய்லர் போக்ஸ் கம்பிக்குள் மாட்டினால் பின் சக்கரமே நின்றுவிடும். நேராக்கிய பிறகு ஹெச், எல் இரண்டையும் முதலிலிருந்து வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் திருகிய கணக்கு யாருக்கும் தெரியாது.

மாம்பழக்காரன் | ஞாயிறு, காலை 5.10

தம்பி, கிளம்பிவிட்டீர்களா? இறங்குவது ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். பிரேக் சரியில்லை என்றால் ஏறிவிட்டு பஸ்ஸில் வந்துவிடுங்கள். பதில் போடுங்கள்.

மாம்பழக்காரன் | ஞாயிறு, மதியம் 2.30

???

புதுச்செயின் | செவ்வாய், இரவு 11.20

ஹேங்கர்தான். கடையில் நேராக்கிக் கொடுத்தார்கள். பின் பேடு புதுசு. முன் சக்கரம் அழுத்தி மாட்டியதும் உரசல் நின்றது. ஏற்காடு போகவில்லை, கன்னங்குறிச்சி வரை போய் வந்தேன். அனைவருக்கும் நன்றி.

கேபிள்பாண்டி | புதன், காலை 7.02

கேபிளும் மாற்றினார்களா? மாற்றியிருப்பார்களே?

செவ்வாய்ப்பேட்டை_லேத் | புதன், காலை 9.15

எந்தக் கடை, எவ்வளவு வாங்கினார்கள் என்று சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும்.

குப்பனூர்_குறுக்கு | சனி, மாலை 6.40

அடுத்த ஞாயிறு குப்பனூர் வழி ஏறுகிறோம், நாலு பேர். புதுச்செயின், வருகிறீர்களா?