சூப்பர்ஹீரோ தொடர்களில் ஆளை மாற்றினால் போதுமா, கதையும் மாற வேண்டாமா?

கயல்:
பேட்வுமன் இரண்டாம் சீசனை இப்போதுதான் பார்த்து முடித்தேன். முதல் சீசனில் நடித்த ரூபி ரோஸ் விலகியதும், ரையன் வைல்டர் என்று ஒரு கறுப்பினப் பெண்ணைப் புதிதாக எழுதி ஜாவிசியா லெஸ்லியை நடிக்க வைத்தார்கள். வேனில் குடியிருப்பவள், செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போய் வந்தவள். முதலில் பழைய நாயகியின் உடையையே, அந்த நேரான சிவப்பு முடியோடு சேர்த்து மாட்டிக்கொள்கிறாள். சில எபிசோடு கழித்து உடை மாறுகிறது, முகமூடிக்குக் கீழே சுருள்முடி வருகிறது. அந்த இடத்தை இரண்டு முறை திரும்பப் பார்த்தேன். என்னோடு வேலை பார்ப்பவரிடம் சொன்னால், "இதெல்லாம் கணக்குக் காட்டுவதற்குத்தான், கதை நல்லா இருந்தா போதாதா" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எழிலன்:
கணக்குக் காட்டுகிற தொடர்களும் இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. நாயகனுக்கு உதவியாளராக ஒருத்தரை ஒப்புக்குச் சேர்த்துவிட்டு, அவருக்கு வீடும் கிடையாது குடும்பமும் கிடையாது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 2016-இல் வந்த லூக் கேஜ் பாருங்கள். குண்டு துளைக்காத உடம்போடு ஒரு கறுப்பின ஆண், தலையை மூடும் ஹூடி போட்டுக்கொண்டு நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் நடக்கிறான். 2012-இல் ஹூடி அணிந்திருந்த 17 வயது கறுப்பினச் சிறுவன் டிரேவான் மார்ட்டின் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டது நினைவில் இருப்பவர்களுக்கு அந்த உடை வெறும் உடை இல்லை. போலீஸ் அவனைத் தேடும்போது ஊர் ஆண்கள் எல்லாரும் அவனுடையதைப் போலவே குண்டு ஓட்டை விழுந்த ஹூடி அணிந்து தெருவில் இறங்குவார்கள், யார் லூக் என்றே தெரியாது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார நாயகனை நிறுத்திப் பாருங்கள், காட்சியே நிற்காது. உங்கள் நண்பருக்கு இதுதான் பதில். நிறத்தை எடுத்தால் கதையும் போய்விடுகிறது என்றால் அது கணக்கு இல்லை.

பழைய ரசிகன்:
எழிலன் சொல்வது சரிதான், ஆனால் ஆளை மாற்றுவதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். த ஃபிளாஷ் தொடரில் நாயகனின் காதலி ஐரிஸ் வெஸ்டாக நடித்த கறுப்பின நடிகை கேண்டிஸ் பேட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். காமிக்ஸில் ஐரிஸ் வெள்ளைக்காரி என்ற ஒரே காரணத்துக்காக இணையத்தில் நிறவெறி வசவுகளை வாங்கிக்கொண்டே நடித்தார். ஆள் மாறுவது பெரிய விஷயமே இல்லை என்றால் இத்தனை பேருக்கு ஏன் ஆத்திரம் வர வேண்டும்?

இன்னொன்று. 1994-இல் மேன்டிஸ் என்று ஒரு தொடர், கார்ல் லம்பிளி நாயகன். சக்கர நாற்காலியில் இருக்கும் கறுப்பின விஞ்ஞானி, தானே செய்த உடையைப் போட்டுக்கொண்டு எழுந்து நடப்பார். தொடருக்கு முன் சோதனையாக எடுத்த படத்தில் அவரைச் சுற்றி இருந்த கறுப்பின நடிகர்கள், தொடர் ஆரம்பித்தபோது இல்லை. நாயகனை வைத்துக்கொண்டு அவருடைய உலகத்தைக் காலி செய்துவிட்டார்கள்! அதே லம்பிளி 2021-இல் ஃபால்கன் அண்ட் த விண்டர் சோல்ஜரில் ஐசையா பிராட்லியாக வருகிறார். ராணுவம் மருந்தேற்றிச் சோதித்துவிட்டு முப்பது வருடம் அடைத்து வைத்த வீரர். ஒரு கறுப்பினத்தவன் கேப்டன் அமெரிக்கா ஆவதை இவர்கள் ஒருநாளும் விடமாட்டார்கள் என்று அந்தத் தொடரின் கறுப்பின நாயகன் சாமிடம் அவர் சொல்லும்போது எனக்கு மேன்டிஸ்தான் ஞாபகம் வந்தது.

தேன்மொழி:
எல்லாரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், பெண்களைப் பற்றியும் பேசுவோம். ஜெசிகா ஜோன்ஸ் முதல் சீசனை யாராவது பார்த்தீர்களா? கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். வில்லன் கில்கிரேவ் சொன்னால் யாரும் செய்தே ஆக வேண்டும், அதுதான் அவன் சக்தி. ஜெசிகாவைச் சிரிக்கச் சொல்கிறான், அவள் சிரித்தாக வேண்டும். "ஏன் உம்மென்று இருக்கிறாய், கொஞ்சம் சிரி" என்று யாரோ சொல்லக் கேட்டிராத பெண் யார்? நாம் தினமும் கேட்கிற ஒரு சொல்லையே வில்லனின் ஆயுதமாக்கி, கடைசியில் அதே சொல்லை அவள் அவனிடம் திருப்பிச் சொல்லும்படி எழுதியிருக்கிறார்கள். தொடரை உருவாக்கியவர் மெலிசா ரோசன்பெர்க். இரண்டாம் சீசனின் 13 எபிசோடுகளையும் இயக்கியவர்கள் பெண்கள். திரையில் யார் இருக்கிறார் என்பதைவிட எழுதும் மேசையில் யார் இருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதே காரணத்துக்காகத்தான் மிஸ் மார்வெலும் பிடித்தது. அதன் நாயகி, முஸ்லிம் பெண் கமலாவின் தோழி நாகியா பள்ளிவாசல் நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்று ஜெயிக்கிறாள். சண்டைக் காட்சி எதுவும் இல்லை, அந்தப் பெண்ணுக்கென்று ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது, அவ்வளவுதான்.

கயல்:
தேன்மொழி, அந்த "சிரி" விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த முடிக் காட்சி என்னை ஏன் பிடித்து நிறுத்தியது என்று இப்போது புரிகிறது. இன்னொருத்தியின் முடியை மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்ற ரையனால் முடிகிறது, ஆனால் காப்பாற்றியது யார் என்று ஊருக்குத் தெரியாது. நண்பரிடம் நாளைக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். லூக் கேஜை அவரையும் கூட வைத்துக்கொண்டே பார்க்கலாம் என்று இருக்கிறேன். எழிலன், அந்த ஹூடி காட்சி எத்தனையாவது எபிசோடு?

எழிலன்:
முதல் சீசன், 12. ஆனால் நேராக அதற்குத் தாவிவிடாதீர்கள், முதலிலிருந்து பாருங்கள்.