குளிர்ந்த சிவப்பு ஒயின்: போஜொலேயை முதலில் எங்கே குடித்தீர்கள்?

லியோன்வாசி:

பிரான்சின் லியோன் நகருக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. சிவப்பு ஒயின் என்றாலே நாக்கைக் கவ்வுகிற துவர்ப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதல் மாதமே, கூட வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு புஷோனுக்கு அழைத்துப் போனார்கள். லியோனுக்கே உரிய சின்னச் சாப்பாட்டுக் கடைகளை அப்படிச் சொல்வார்கள். அடிப்பாகம் தடித்த, 46 சென்டிலிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குப்பியில் ஒயின் வந்தது. அந்தக் குப்பிக்கு 'போ' என்று பெயர். தொட்டால் ஜில்லென்று இருந்தது.

சிவப்பு ஒயினைக் குளிரவைப்பார்களா என்று கேட்டேன். "போஜொலே அப்படித்தான்" என்றார் பரிமாறியவர். மூக்கருகே கொண்டுபோனதும் நசுக்கிய ராஸ்பெர்ரி, செர்ரி, பின்னால் மெல்லியதாக ஏதோ பூவாசம். வாயில் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு. துவர்ப்பும் இருந்தது, ஆனால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கில் ஒட்டிக்கொள்ளவில்லை.

தட்டில் தடிமனாக நறுக்கிய சுடு சோசிசோன், அதாவது வேகவைத்த பன்றித் தொத்திறைச்சி, கூடவே உருளைக்கிழங்கு. ஒரு துண்டு தின்றதும் கொழுப்பு வாயெல்லாம் படிகிறது. ஒரு மிடறு குடித்தால் அடுத்த துண்டு மறுபடி முதல் துண்டு போல ருசிக்கிறது. நெய்ச்சோற்றுக்கு நடுவே ஒரு வாய் ரசம் குடித்தால் நாக்கு துலங்குமே, அதே வேலைதான்.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. லியோனுக்கு வடக்கே, இந்த ஒயினைச் செய்யும் போஜொலே வட்டாரத்து ஊர்களுக்கே போய்வர ஆரம்பித்தேன். திராட்சையின் பெயர் கமே. 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் இதைத் தன் நாட்டில் பயிரிடக் கூடாது என்று தடை போட்டார். தெற்கே இந்தக் கிரானைட் மலைச்சரிவுகளில் அது செழித்துவிட்டது. அறுவடையில் குலைகளை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் கொட்டி மூடுகிறார்கள். அடியில் இருப்பவை பாரம் தாங்காமல் உடைந்து நொதிக்க, கரியமில வாயு தொட்டியை நிரப்புகிறது. மேலே இருக்கும் பழங்கள் தோல் கிழியாமலே உள்ளுக்குள் நொதிக்கின்றன. பழவாசனை தூக்கலாகவும் துவர்ப்பு அடக்கமாகவும் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், குறிப்பாக எதனோடு சாப்பிட்டீர்கள் என்பதை.

லாச்சப்பல்காரன்:

அண்ணா, நான் பாரிசில் பதினைந்து வருடமாக உணவகங்களில் வேலை செய்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் போஜொலே போத்தல்களை அடுப்படிக்குப் பக்கத்து அலுமாரியில் வைத்திருந்தார்கள். கோடை நாளில் 25 பாகைக்கு மேல் சூடேறிய வைனை ஊற்றிக்கொடுத்தால் பழவாசனை எல்லாம் மங்கி, மதுசார நெடிதான் முன்னுக்கு வரும். ஃப்ளூரி என்ற நல்ல போஜொலேயை ஆட்கள் பாதியில் வைத்துவிட்டுப் போவதைப் பார்க்க மனம் நொந்துபோகும். வீட்டில் திறப்பதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 12 முதல் 14 பாகை போதும்.

எங்கள் சாப்பாட்டோடும் பார்த்திருக்கிறேன். ஆட்டிறைச்சிக் கறிக்கு ஒருமுறை துவர்ப்புக் கூடிய போர்தோ சிவப்பு வைன் திறந்தோம். கறியின் உறைப்போடு வைனின் துவர்ப்பும் சேர்ந்து வாய் எரிந்தது. அடுத்த கிழமை அதே கறிக்கு, உறைப்பைக் கொஞ்சம் குறைத்து, குளிர்ந்த போஜொலே வைத்தேன். மிளகும் கறுவாவும் அந்தப் பழச்சுவையோடு வடிவாகச் சேர்ந்தன. ஆனால் பச்சை மிளகாய்ச் சம்பலோடு வேண்டாம், எந்த வைனும் நிற்காது.

நவம்பர்ப்பனி:

நான் குடித்தது நூவோ, அதாவது அந்த வருஷ அறுவடையில் செய்து உடனே விற்கும் புது போஜொலே. நவம்பர் மூன்றாவது வியாழனுக்கு முன்னால் விற்கக் கூடாது என்பது 1985இலிருந்து இருக்கும் விதி. நான் போனபோது போஜோ ஊரில் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பீப்பாயைத் திறந்தார்கள். அறுவடையாகி இரண்டு மாதம் சொச்சம்தான், வாழைப்பழ மிட்டாய் வாசனை. அந்தக் குளிரில், அந்தக் கூட்டத்தில் நன்றாகவே இருந்தது. ஆனால் அதை மட்டும் குடித்துவிட்டு போஜொலே இவ்வளவுதான் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

சைவத்தட்டு:

நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. எனக்கு என்ன பொருந்தும்?

லியோன்வாசி:

லியோனிலேயே இருக்கிறது. 'செர்வெல் த கன்யூ' கேளுங்கள். பட்டு நெசவாளியின் மூளை என்று பெயர், ஆனால் இறைச்சியே இல்லை. புதுப் பாலாடைக்கட்டியில் பூண்டு, சின்ன வெங்காயம், தழைகள், வினிகர் போட்டு அடித்தது. ரொட்டியில் தடவி இதோடு குடித்தால் புளிப்புக்குப் புளிப்பு சரியாக நிற்கும். கடைசியில் கரண்டியால் எடுக்கும் பதத்துக்கு இளகிய சேன்-மார்சலான் பாலாடைக்கட்டி ஒன்று. காளான் வதக்கலுக்கு மட்டும் கொஞ்சம் கனமானது வேண்டும், மோர்கோன் வாங்குங்கள். போஜொலேயில் தன் பெயரிலேயே ஒயின் விற்கும் பத்துப் பகுதிகளில் அதுவும் ஒன்று. சில வருஷம் வைத்திருந்தால் செர்ரி வாசனை போய் ஈரமண் வாசனை வந்துவிடும்.

நூவோவைப் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. என்னிடம் ஐந்து வருஷத்து மோர்கோன் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறக்கப்போகிறேன், எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.