ஒரே எஸ்எஸ்டி, இரண்டு கணினி: 4கே வேகம் மட்டும் ஏன் இப்படி அடி வாங்குகிறது?

கேள்வி:
வணக்கம். டெஸ்க்டாப்பில் இருந்த 1 டிபி என்விஎம்இ (பிசிஐஇ இணைப்பில் ஓடும் வேகமான வகை) எஸ்எஸ்டியைக் கழற்றிப் பழைய லேப்டாப்பில் போட்டேன். இரண்டிலும் பிசிஐஇ 3.0, நான்கு லேன் (தரவுப் பாதை) கொண்ட இணைப்புதான். டிஸ்க் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் தொடர் வாசிப்பு இரண்டிலும் நொடிக்கு 3,400 எம்பியைத் தொடுகிறது. வம்பெல்லாம் 4 கேபி துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசிக்கும் 4கே சோதனைகளில்தான் (கியூ என்பது ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள், டி என்பது த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலை ஓட்டங்கள்). கியூ1 டி1 டெஸ்க்டாப்பில் 62, லேப்டாப்பில் 41. கியூ32 டி1 அங்கே 640, இங்கே 310! சூடும் ஏறவில்லை. ப்ராசஸர்தான் காரணமோ என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தேன். 13 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. அப்புறம் யார் மேல் பழி போடுவது?

பதில் 1:
அந்த 13 சதவீதத்திலேயே பதில் இருக்கிறது. உங்களுடையது நான்கு கோர், எட்டு த்ரெட் ப்ராசஸராக இருக்க வேண்டும். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. அதாவது ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடுகிறது, மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன. டி1 என்றாலே ஒரு த்ரெட்தானே.

310 எம்பியை 4கே துண்டுகளாகப் போட்டால் நொடிக்குச் சுமார் 75,000 கோரிக்கைகள். ஒன்றுக்கு 13 மைக்ரோ நொடி. அதற்குள் சிஸ்டம் கால் (விண்டோஸிடம் கேட்பது), டிரைவர், இன்டரப்ட் (வேலை முடிந்தது என்று எஸ்எஸ்டி தரும் அழைப்பு) எல்லாம் முடிய வேண்டும். எஸ்எஸ்டி இன்னும் வாங்கிக்கொள்ளத் தயார், கொடுக்கத்தான் ஆளில்லை. த்ரெட்டை 8 ஆக்கி ஓட்டுங்கள். சாட்டா டிஸ்க்குகளின் பழைய ஏஎச்சிஐ முறையில் 32 கட்டளை கொண்ட ஒரே வரிசை (கியூ). என்விஎம்இயில் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசையே கொடுக்கலாம்.

பதில் 2:
மேலே சொன்னது கியூ32க்குச் சரி. கியூ1 கதை வேறு. 41 எம்பி என்றால் ஒரு வாசிப்புக்குச் சுமார் 100 மைக்ரோ நொடி, 62 என்றால் 66. தரவைச் சேமிக்கும் நேண்ட் சிப் எடுக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான். ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இடைவெளியில் லேப்டாப் ப்ராசஸர் மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கப் போய்விடும். பதில் வந்ததும் எழுந்து வர நேரம் பிடிக்கும். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, சார்ஜரை மாட்டி ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இருந்தால் அதுவும் ஒரு சுமை. 2018க்கு முந்தைய இன்டெல் என்றால் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கான பேட்ச் சிஸ்டம் கால்களை மெதுவாக்கியிருக்கும், பாதுகாப்புக்காக அதை அப்படியே விட வேண்டியதுதான்.

கேட்டவர்:
பிட்லாக்கர் இல்லை. பவர் பிளான் மாற்றியதும் கியூ1 41லிருந்து 55க்கு வந்துவிட்டது. கியூ32 டி1 அசையவில்லை, 318தான். டி8 வைத்தால் 1,350! அப்படியானால் தொடர் வாசிப்பு மட்டும் எப்படி அடி வாங்காமல் தப்பியது? விமர்சனங்களில் போடும் 4கே எண்களை நம்பலாமா?

பதில் 1:
தொடர் வாசிப்பில் ஒரு கோரிக்கையே 1 எம்பி. நொடிக்குச் சில ஆயிரம் கோரிக்கைகள்தான், ப்ராசஸருக்கு அது பொருட்டே இல்லை. விமர்சனங்களில் பெரும்பாலும் வேகமான டெஸ்க்டாப் ப்ராசஸரில்தான் ஓட்டுவார்கள். ஒரே சோதனைக் கணினியில் ஓட்டிய இரண்டு எஸ்எஸ்டிகளை ஒப்பிட அந்த எண் உதவும், உங்கள் லேப்டாப்பில் அதையே எதிர்பார்க்காதீர்கள்.

பதில் 2:
சோதனை முடிந்ததும் பவர் பிளானைப் பேலன்ஸ்டுக்கே மாற்றிவிடுங்கள், பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும். அந்த 14 எம்பியை ப்ரவுசர் திறப்பதில் நீங்கள் உணரப் போவதில்லை.