பிரசன்டேஷன் என்றாலே தொண்டை அடைக்கிறது, என்ன செய்யலாம்?

பெல்லந்தூர்வாசி:
சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், பெங்களூருக்கு வந்து 9 வருஷம் ஆகிறது. கோட் எழுதச் சொன்னால் விடிய விடிய எழுதுவேன், நாலு பேர் முன்னால் அதை விளக்கச் சொன்னால்தான் வயிற்றைக் கலக்கும். இத்தனைக்கும் பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன், அந்த எவர்சில்வர் தட்டில்தான் அம்மா இன்னமும் அப்பளம் வைக்கிறார். போன வாரம் எங்கள் பேமென்ட் பக்கம் ஏன் மெதுவாக இருந்தது, எப்படிச் சரி செய்தோம் என்று மேலிடத்துக்கு 15 நிமிடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. 22 ஸ்லைடு. நாலாவதில் இருக்கும்போதே ஒருவர், "சரி, இப்போ எங்ககிட்ட என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார். அது 19ஆவது ஸ்லைடில் இருந்தது. எல்லோரும் பார்க்க ஒவ்வொரு ஸ்லைடாகத் தள்ளித் தேடினேன், வாயிலிருந்து காற்றுதான் வந்தது, கடைசியில் என் லீட் பேசி முடித்தார். வியாழக்கிழமை மீட்டிங்கில் மறுபடியும் பேச வேண்டும், அப்ரைசல் வேறு நெருங்குகிறது. என் ஆங்கிலம்தான் பிரச்சினையா? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?

பழைய டெஸ்டர்:
அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள் ப்ரோ. நாலாவது ஸ்லைடிலேயே கேட்டார் என்றால் உங்கள் ஆங்கிலம் புரியாமல் இல்லை, பொறுமை போய்விட்டது. நாமெல்லாம் ஸ்டெப்புக்கு மார்க் என்று வளர்ந்தவர்கள், கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டிவிட்டுக் கடைசியில்தான் விடையை எழுதுவோம். மேலே இருப்பவருக்கு அடுத்த மீட்டிங் காத்திருக்கும், அவருக்கு விடைதான் முதலில் வேண்டும். "பேமென்ட் பக்கம் முன்பு 9 வினாடி எடுத்தது, இப்போது 2. மாதக் கடைசியில் ஆட்கள் குவியும்போதும் இது தாங்க வேண்டுமென்றால் இன்னொரு டேட்டாபேஸ் சர்வர் வேண்டும், அதற்கு இன்று ஒப்புதல் கேட்கிறேன்." இவ்வளவுதான், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எண்களை நான் சும்மா போட்டிருக்கிறேன், உங்களுடையதைப் போடுங்கள். மற்ற ஸ்லைடெல்லாம் பின்னால் கிடக்கட்டும், கேட்டால் காட்டலாம். அப்புறம், பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோ ஓடும்போது 19 என்று அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகும். தள்ளித் தேடுகிற அந்த அரை நிமிஷம்தான் ஆளைக் கொல்லும்.

அல்சூர் அக்கா:
டெஸ்டர் சொன்னது சரி, ஆனால் நடுக்கத்துக்கு அது மருந்தில்லை தம்பி. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று மேடைப் பேச்சு பழகும் கிளப் இருக்கிறது, அதன் கூட்டத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில் தொடங்கியது, இன்று நம் ஊர் ஐடி கம்பெனிகளுக்குள்ளேயே கிளப்புகள் இருக்கின்றன. முதல் பேச்சு உங்களைப் பற்றியேதான், 4 முதல் 6 நிமிடம். நாலில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு காட்டுவார்கள். நீங்கள் "ஆ", "உம்" என்று இழுப்பதை எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். என் முதல் பேச்சில் "பேசிக்கலி" மட்டும் 17 தடவை, வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் வாயே திறக்கவில்லை. இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று: எதற்கெடுத்தாலும் கைதட்டுவார்கள். ஆபீஸில் யார் கைதட்டப் போகிறார்கள்? ஆனாலும் தயாரிப்பே இல்லாமல் ஒரு தலைப்பைக் கொடுத்து ஒன்றிரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள் பாருங்கள், உங்களிடம் திடீரென்று கேட்ட அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பழக்கம்.

மாரத்தஹள்ளி மைனா:
அந்த எவர்சில்வர் தட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! பேச்சுப் போட்டிக்கு நாம் என்ன செய்வோம், வாத்தியார் எழுதிக் கொடுத்ததை "அவையோருக்கு வணக்கம்" தொடங்கி "நன்றி வணக்கம்" வரை நெட்டுரு போடுவோம். நடுவில் ஒரு வரி நழுவினால் முழுப் பேச்சும் போச்சு, குறுக்கே யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். நீங்கள் இப்போதும் அதையே செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், நடுக்கம் அதிகமாக இருப்பது அப்போதுதான், மற்றதை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொற்களில் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் இல்லை, சத்தமாக. நான் சில்க் போர்டு சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் பேசிப் பார்ப்பேன், பக்கத்து வண்டிக்காரர் போன் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார். பேசுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள், தொண்டை கொஞ்சம் இளகும். பயம் முழுசாகப் போகாது, எனக்கு 14 வருஷமாகப் போகவில்லை.

பெல்லந்தூர்வாசி:
மைனா, நெட்டுரு விஷயம் அப்படியே நான்தான். 22 ஸ்லைடுக்கும் வரி வரியாக எழுதி வைத்திருந்தேன். நேற்று ராத்திரி டெஸ்டர் சொன்ன மாதிரி மூன்றே வாக்கியமாக்கி மொட்டை மாடியில் மனைவியிடம் சொல்லிக் காட்டினேன். அவருக்கும் ஐடிக்கும் சம்பந்தமில்லை, துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சர்வர் எவ்வளவு ஆகும்?" என்றார். 22 ஸ்லைடில் ஒன்றில்கூட அந்தத் தொகை இல்லை.

பழைய டெஸ்டர்:
அடப்பாவமே. வியாழக்கிழமை மீட்டிங்குக்குள் அந்தத் தொகையைக் கேட்டு வாங்கி இரண்டாவது வாக்கியத்திலேயே சேர்த்துவிடுங்கள்.