புகைத் தடையின் பலனை அளக்க எதை ஒப்பீடாக வைப்பது?

வணக்கம். பொது இடப் புகைத் தடைக்குப் பின் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை (சேர்க்கை) எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுவதில் உங்கள் யோசனை தேவை.

அமெரிக்காவின் ஹெலினா நகரில் 2002 தடையின்போது ஆறு மாதச் சேர்க்கை சராசரி 40-லிருந்து 24 ஆனது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயல் ஏற்ற இறக்கமே பெரிதாகத் தெரியும். ஸ்காட்லாந்தில் 2006 தடைக்குப் பின் ஒன்பது மருத்துவமனைகளில் 3,235 என்பது 2,684 ஆனது, 17% குறைவு. ஆனால் அதற்கு முன்பே ஆண்டுக்கு 3% குறைந்துகொண்டுதான் இருந்தது. இங்கிலாந்தின் 2007 ஜூலைத் தடைக்கு, பழைய போக்கு, வெப்பநிலை, ஃப்ளூ, கிறிஸ்துமஸ் விடுமுறை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பின் கிடைத்தது 2.4% மட்டுமே. அதுவே ஓராண்டில் சுமார் 1,200 சேர்க்கைகள், அற்பமல்ல!

இப்போதைய திட்டம்: மாதவாரித் தரவு, தடைக்கு முன் குறைந்தது 36 மாதம், குவாசி-பாய்சான் மாதிரி (எண்ணிக்கைத் தரவில் கூடுதல் சிதறலையும் ஏற்கும் புள்ளியியல் மாதிரி), ஆண்டுதோறும் திரும்பும் பருவ ஏற்ற இறக்கத்துக்கு சைன்-கோசைன் உறுப்புகள். ட்ரோபோனின் பரிசோதனை (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) வந்தபின் லேசான மாரடைப்பும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுகிறது. எனவே அந்த மாற்றம் நடந்த மாதத்திலிருந்து தனி மாறி வைக்கிறோம்.

சிக்கல் ஒப்பீட்டில்தான். தடையில்லாத பக்கத்து மாகாணமா, தடையால் மாறாது என்று கருதும், அதே ஊரின் குடல்வால் அழற்சிச் சேர்க்கையா? முன்னதில் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் குழப்புகிறார்கள். பின்னதில் இதயநோய்ச் சிகிச்சையின் முன்னேற்றம் பிடிபடாது. இரண்டையும் சேர்த்து ஓட்டியவர்கள் இருந்தால், எடையை எப்படிப் பிரித்தீர்கள்?