கொரோனா நேரம் வாய்ச்சொல்லில் சலூனைப் பூட்டினது சட்டப்படி செல்லுமா?

கேள்வி (புதுக்குடியிருப்பு):
வணக்கம். நான் சலூன் நடத்துகிறேன். 2020 மார்ச் ஊரடங்கோடு கடை பூட்டு. பலசரக்குக் கடைகளைத் திறக்க விட்டார்கள், எங்களை விடவில்லை. பிறகு வாசலில் சவர்க்காரம், தண்ணீர் வாளி, வருகிறவர்களின் விபரம் எழுதக் கொப்பி எல்லாம் வைத்துத் திறந்தேன். அப்போதும் ஒரு அதிகாரி மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே "பூட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு துண்டுக் கடிதம்கூடத் தரவில்லை. வாடகையை யாரும் நிறுத்தவில்லை. இப்படிச் செய்ய அதிகாரம் இருக்கிறதா?

பதில் (வவுனியா, சட்டத்தரணியிடம் வேலை செய்கிறேன்):
அண்ணை, தொழில் செய்யும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்காக அதை மட்டுப்படுத்தலாம், ஆனால் அதே அரசியலமைப்பின் 15(7) உறுப்புரை சொல்வது போல அது சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897இல் வந்தது. நோய் பரவிய இடத்தைத் தனிமைப்படுத்த அதன் கீழ் ஒழுங்குவிதி போடலாம். ஒழுங்குவிதி என்றால் வர்த்தமானியில் வரவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், 15(7)இல் 'சட்டம்' என்பதற்குள் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள்தான் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சுகாதார ஒழுங்குவிதிகளைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அப்படியென்றால் அவற்றை வைத்து உரிமையை மட்டுப்படுத்தலாமா என்ற கேள்வி வருகிறது. வழக்காடப் போனால் நான் முதலில் பிடிப்பது இதைத்தான். மார்ச் 20 பொலிஸ் ஊரடங்குக்கும் எந்தச் சட்டம் அடிப்படை என்று சட்டத்தரணிகள் அப்போதே கேட்டார்கள்.

பதில் (கிளிநொச்சி, பலசரக்குக் கடை):
பூட்டச் சொன்னது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். சலூனில் முகத்துக்குக் கிட்ட நின்றுதான் சவரம் எடுக்க வேண்டும். ஆனால் எழுத்தில் தந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரே தெருவில் ஒரு கடை திறப்பு, அடுத்த கடை பூட்டு. கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்பார்கள். அது எந்த மேலிடம்?

கேள்வி கேட்டவர்:
இப்போது வழக்குப் போடலாமா?

வவுனியா:
அதற்கு நாள் கடந்துவிட்டது அண்ணை. அடிப்படை உரிமை மீறல் என்றால் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. இனி யாராவது பூட்டச் சொன்னால் எந்த ஒழுங்குவிதி, எத்தனையாம் திகதி வரை என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அவருடைய பெயர், பதவி, வந்த நேரம் மூன்றையும் அன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள்.