45 ஆயிரம் ரூபாய் சம்மர் கேம்பில் மகளைச் சேர்க்கலாமா?

திருமங்கலம்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தமிழ் வழி. கணக்கு என்றால் அவளுக்கு உயிர். ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகும் "இதை வேற மாதிரி போட முடியாதாப்பா" என்று பின்னாலேயே வருவாள். எனக்குத் தெரிந்தவரை சொல்லிக் கொடுத்தாயிற்று, இனி என்னிடம் சரக்கு இல்லை.

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு கோச்சிங் சென்டர்காரர்கள் பள்ளி வாசலில் பிட் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மே மாதம் 30 நாள் தங்கிப் படிக்கும் கேம்ப், ஜேஇஇ ஃபவுண்டேஷன், ஒலிம்பியாட், அதோடு ஆளுமை வளர்ச்சி, யோகா எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய். இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் 5,000 குறைப்பார்களாம். என் மைத்துனர் அதெல்லாம் வேண்டாம், 10 நாள் ரோபோட்டிக்ஸ் கேம்ப் இருக்கிறது, இனிமேல் அதுதான் எதிர்காலம் என்கிறார். சீட்டு எடுத்த பணம் கையில் இருப்பதால் கட்ட முடியும், ஆனால் அது அவள் மேல்படிப்புக்கென்று ஒதுக்கி வைத்தது.

இதில் எது அவளுக்கு உண்மையாகவே பயன்படும்? தமிழ் வழிப் பிள்ளை அங்கே போய்த் திணறிவிடுவாளோ என்றும் கவலையாக இருக்கிறது. 13 வயதுப் பெண்ணை ஒரு மாதம் வெளியே தங்க வைக்க அவள் அம்மாவுக்கு மனசே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_கணக்கு_டீச்சர்:

சார், பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு நாள் டைம்டேபிளும், ஒரு நாளைக்குக் கொடுக்கும் பயிற்சித் தாளும் கேட்டு வாங்கிப் பாருங்கள். யார் பாடம் நடத்துவார் என்றும் கேளுங்கள். நோட்டீஸில் படம் போட்டிருக்கிற ஆசிரியர்தான் வகுப்புக்கு வருவாரா, இல்லை கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிற பையன்களை ஒரு மாதத்துக்கு எடுத்து நிறுத்துவார்களா என்பது முக்கியம். காட்டத் தயங்கினால் அந்த 5,000 தள்ளுபடிக்காக அவசரப்படாதீர்கள்.

ஃபவுண்டேஷன் என்ற பெயரில் நான் பார்த்தவரை, ஒன்பதாம் வகுப்புப் பாடம் முழுவதையும் பத்தாம் வகுப்பில் கொஞ்சத்தையும் ஒரு மாதத்தில் வேகமாக ஓட்டிவிடுகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது, வகுப்பில் கவனம் போய்விடுகிறது. வேறு வழியில் போட முடியுமா என்று கேட்கிற பிள்ளைக்கு அடுத்த வகுப்புப் பாடத்தால் பசி தீராது. இப்போது தெரிந்ததை வைத்துக்கொண்டே இரண்டு நாள் மண்டையைக் குடைகிற கணக்குகள்தான் வேண்டும்.

அப்புறம் ஒலிம்பியாட் என்று போட்டிருக்கிறார்களே, எந்த ஒலிம்பியாட் என்று கேளுங்கள். தனியார் நிறுவனங்கள் பள்ளிகளில் நடத்தி மெடல் கொடுக்கிற தேர்வுகள் நிறைய இருக்கின்றன. இந்திய அணிக்கு ஆள் எடுக்கிற கணித ஒலிம்பியாடின் முதல் படி ஐஓக்யூஎம். வழக்கமாக செப்டம்பரில் நடக்கும், எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். 3 மணி நேரம், 30 கேள்வி, விடை எல்லாமே 00 முதல் 99 வரைக்குள் வருகிற முழு எண்கள். கால்குலஸ் கிடையாது, எண்ணியல், இயற்கணிதம், வடிவியல், எண்ணும் முறைகள், அவ்வளவுதான். அதில் தேறினால் மண்டல அளவில் ஆர்எம்ஓ, அடுத்து தேசிய அளவில் ஐஎன்எம்ஓ, அதிலும் மேலே வருகிறவர்களுக்குத்தான் அரசு செலவில் பயிற்சி முகாம், அங்கிருந்து 6 பேர் நாட்டுக்காக சர்வதேச ஒலிம்பியாடுக்குப் போவார்கள். முதல் ஆண்டே தேற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் அந்த மாதிரிக் கணக்குகளோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிய பிள்ளை வேறு ஆளாக மாறிவிடும். என் மாணவிகளிடம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கொஞ்சம் எளிதாகத் தொடங்க வேண்டுமென்றால், சென்னையில் 1965-லிருந்து இயங்குகிற இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், ஏஎம்டிஐ என்பார்கள், வகுப்புவாரியாக நடத்தும் என்எம்டிசி தேர்வு இருக்கிறது. ஒன்பது, பத்து படிக்கிறவர்களுக்கு பாஸ்கரா என்ற பிரிவு. பழைய வினாத்தாள்களும் கிடைக்கும். இந்தக் கோடைக்கு அதுவே போதும், தினமும் இரண்டு கணக்கு, அவளே உட்கார்ந்து போடட்டும், விடையைப் பார்க்க அவசரம் வேண்டாம். ஐஐடி மெட்ராஸின் பிரவர்தக் அமைப்பு 'அவுட் ஆஃப் தி பாக்ஸ் திங்கிங்' என்று நான்கு நிலைகளில் இணைய வகுப்பு நடத்துகிறது, கணக்கை வேறு வேறு வழிகளில் யோசிக்கப் பழக்குவதுதான் அதன் நோக்கமே. வகுப்பு இலவசம்.

தமிழ் வழி என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ஆங்கில வழிப் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது, ஏழு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இறக்கி, தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் ஒரு முறை படிக்கட்டும். பகா எண், மீதி, வகுத்தி போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால் லீவு முடிவதற்குள் பழகிவிடும்.

இன்று சாயங்காலம் அவளிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். சதுரங்கப் பலகையில் 64 கட்டம். எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கட்டங்களை வெட்டிவிட்டால் மிச்சம் 62. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களை மூடுகிற மாதிரி 31 அட்டைகள் இருக்கின்றன. பலகை முழுவதையும் மூட முடியுமா? முடியாதென்றால் ஏன்? விடையை நான் இங்கே எழுத மாட்டேன், தயவுசெய்து மற்றவர்களும் எழுதிவிடாதீர்கள்.

நாகர்கோவில்_அண்ணன்:

டீச்சர் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் இஸ்ரோ நடத்தும் யுவிகா என்ற மாணவர் முகாம் பற்றிச் சொல்கிறேன். 2019-இல் தொடங்கியது, கொரோனாவால் இரண்டு வருடம் நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், மே மாதம் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்திலேயே தங்கிப் படிக்கலாம், திருவனந்தபுரம், ஸ்ரீஹரிகோட்டா, பெங்களூரு என்று பல ஊர்களில் நடக்கிறது. போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் தம்பி போய் வந்தான், அவனும் தமிழ் வழிதான். முதல் இரண்டு நாள் ஆங்கிலம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சமாளித்துவிட்டான். விஞ்ஞானிகளிடம் நேராகக் கேள்வி கேட்கலாம் என்பதே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

உங்கள் மகள் இந்த வருடம் விண்ணப்பிக்க முடியாது, ஜனவரி 1 அன்று ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த வருடம் முடியும். ஆனால் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டிய காரணம், பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் பாதி எடை. இந்த முழு ஆண்டுத் தேர்வை அவள் நன்றாக எழுதட்டும். மீதியில் ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்சிசி என்று பலதும் சேரும், கடைசி 3 வருடச் சான்றிதழ்களை எடுத்துக்கொள்வார்கள், எனவே எதையும் தொலைத்துவிடாதீர்கள். கிராம ஊராட்சியில் இருக்கும் பள்ளிகளுக்குத் தனியாக 15 சதவீதம் உண்டு. திருமங்கலம் நகராட்சி, உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கிற கிராமத்துப் பெற்றோர் யாராவது இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். அறிவிப்பு பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். ஏப்ரலில் தேடினால் கதவு மூடியிருக்கும். நல்ல முகாம்கள் பலவும் இப்படித்தான், பிட் நோட்டீஸ் அடித்து நம் வாசலுக்கு வராது, நாம்தான் தேடிப் போக வேண்டும்.

கோவை_அம்மா:

தங்கிப் படிப்பது பற்றி உங்கள் வீட்டம்மாவின் கவலையைத் தள்ளிவிடாதீர்கள் அண்ணா. முதலில் நேரில் போய் இடத்தைப் பாருங்கள், அதுவும் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகள் எந்த மாடியில், இரவில் பெண் வார்டன் அங்கேயே தூங்குவாரா, கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, உடம்பு சரியில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூட்டிப் போவார். பிள்ளை நினைத்தபோது வீட்டுக்குப் பேசலாமா என்பதை அழுத்திக் கேளுங்கள். வாரம் ஒரு முறைதான் போன் என்று சொல்கிற இடம் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியிருந்தாலும் எனக்கு வேண்டாம். போவதற்கு முன்னால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். பாதியில் கூட்டி வந்தால் பணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை எதற்கும் உதவாது.

ரோபோட்டிக்ஸுக்கு என் மகனை ஒரு இடத்தில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். ஒரு கிட்டைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள், இரண்டு பேர் கை வைக்க மற்றவர்கள் வேடிக்கை. கடைசி நாள் பெற்றோர் முன்னால் ஓடிய வண்டியும் அங்கே ஏற்கெனவே செய்து வைத்திருந்ததுதான். அதனால் எத்தனை பிள்ளைக்கு ஒரு கிட், புரோகிராமைப் பிள்ளையே எழுதுகிறதா என்று கேட்காமல் கட்டாதீர்கள். இதே வேறு இடத்தில் நல்ல ஆசிரியர் கிடைத்து ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டை வைத்து ஒரு சின்ன விளக்கை எரிய வைத்தாலும் அது பெரிய படிப்புதான், நான் ரோபோட்டிக்ஸையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகள் கேட்காத ஒன்றை மைத்துனர் சொன்னார் என்பதற்காக ஏன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் கேம்ப் என்பது பிள்ளையைப் பகலில் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அதில் குற்ற உணர்ச்சி தேவையே இல்லை. அப்படியென்றால் நீச்சல், ஓவியம் என்று பக்கத்தில் இருப்பதில் சேர்த்தாலும் போதும்.

வைகைக்கரை:

டீச்சர் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. ஒலிம்பியாட் என்று வீட்டில் ஒரு பேச்சு ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு நீட் மாதிரி ஆகிவிடும். கணக்கை ரசிக்கிற பிள்ளையை ரேங்க் பார்க்கிற பிள்ளையாக மாற்றிவிடாதீர்கள். செப்டம்பர் தேர்வை அவளாகக் கேட்டால் எழுதட்டும், இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

மதுரையிலேயே செலவில்லாத இடங்கள் இருக்கின்றன. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு, அறிவியல் கூடம் எல்லாம் உண்டு. காலையில் கூட்டிப்போய்விட்டு மாலையில் அழைத்து வரலாம், ஏசியும் இருப்பதால் அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பிக்கலாம். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி நடக்கும், வெயிலுக்கு முன்னால் காலையிலும் பிறகு மாலையிலும், கட்டணமும் குறைவு. நாள் முழுக்க உட்கார்ந்தே யோசிக்கிற பிள்ளைக்கு ஓடியாட ஒரு விளையாட்டு கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். பாட்டு, ஓவியம் பிடிக்குமென்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள், அவர்களுடைய துளிர் இதழுக்குச் சந்தா கட்டினால் மாதாமாதம் வீட்டுக்கே வரும், தமிழில் அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல துணை. அவர்கள் நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் தன் ஊரின் ஏதாவது ஒரு பிரச்சினையை எடுத்துத் தமிழிலேயே ஆய்வு செய்யலாம், அந்தச் சான்றிதழ் மேலே நாகர்கோவில் தம்பி சொன்ன யுவிகாவுக்கும் கைகொடுக்கக்கூடும்.

திருமங்கலம்_அப்பா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோச்சிங் சென்டருக்கு போன் போட்டு டைம்டேபிள் கேட்டேன், அட்மிஷன் போட்ட பிறகுதான் தருவோம் என்றார்கள், அதனால் அதை விட்டுவிட்டோம். அவள் அம்மாவுக்கு இப்போதுதான் நிம்மதி. நூலகமும் விளையாட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம், பூப்பந்து வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். சதுரங்கக் கணக்குக்கு நேற்று ராத்திரி காலண்டர் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை, எப்படி வைத்தாலும் இரண்டு கட்டம் மிஞ்சுகிறது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை என்கிறாள். ஒரு சந்தேகம் டீச்சர், அவள் பள்ளியில் இதுவரை யாரும் என்எம்டிசி எழுதியதில்லை. ஒரே ஒரு பிள்ளைக்காகப் பள்ளியில் பதிவு செய்வார்களா?

நெல்லை_கணக்கு_டீச்சர்:

தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள் சார், கூடவே ஆர்வமுள்ள நாலைந்து பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டிப் போங்கள், கேட்பது எளிதாகும். அவர்கள் முடியாது என்றால் ஏஎம்டிஐக்கே எழுதி, பக்கத்தில் எந்தப் பள்ளி மையமாக இருக்கிறது என்று கேளுங்கள். இதை ஜூன் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். மிஞ்சுகிற அந்த இரண்டு கட்டமும் என்ன நிறம் என்று மட்டும் அவளிடம் கேளுங்கள், வேறு எதுவும் சொல்லிவிடாதீர்கள்.